வரிக் கடிதம் வந்தால் யாரைப் பார்ப்பது?

வானொலியில் பட்ஜெட் பற்றியோ வரிக் கழிவு பற்றியோ ஒரு நிகழ்ச்சி செய்தால், உண்மையான கேள்விகள் நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் வரும். நேரலையில் பேசத் தயங்குபவர்கள் வாட்சாப்பில் குரல் பதிவு அனுப்புவார்கள். மாசாயில் கேட்டரிங் செய்பவர், ஸ்கூடாயில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர், விடியற்காலையில் கோஸ்வே தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் இளைஞர் என்று பலரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: “வரி விஷயத்துக்கு யாரைப் பார்க்கணும்? அக்கவுண்டண்டா, லாயரா?”

ஜொகூரில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. இங்கே ஒரே வீட்டில் ஒருவர் சிங்கப்பூர் சம்பளம் வாங்குவார், இன்னொருவர் சிறு தொழில் நடத்துவார், மாடி அறை வாடகைக்கு விடப்பட்டிருக்கும். மூன்றுக்கும் வரி விதி வேறு.

கணக்குப் போடுவது நாம்தான்

முன்பெல்லாம் நாம் விவரம் கொடுப்போம், வரி எவ்வளவு என்று வருமான வரி அலுவலகம் கணக்கிட்டுச் சொல்லும். நிறுவனங்களுக்கு 2001ஆம் ஆண்டிலும், தனிநபர்களுக்கு 2004ஆம் ஆண்டிலும் அந்த முறை மாறியது. இப்போது இருப்பது சுயமதிப்பீட்டு முறை. வருமானத்தைக் காட்டுவதும், கழிவைக் கழிப்பதும், வரியைக் கணக்கிடுவதும் நம் பொறுப்பு. வாரியம் பிறகு வந்து சரிபார்க்கும்.

சம்பளம் மட்டும் உள்ளவர்களுக்கு பி.இ. பாரம். அதற்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. தொழில் வருமானம் இருந்தால் பி பாரம், ஜூன் 30. மின்வழித் தாக்கலுக்கு வாரியம் வழக்கமாகப் பதினைந்து நாள் கூடுதல் தருகிறது. செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனம் என்றால் கணக்காண்டு முடிந்த ஏழு மாதத்துக்குள் சி பாரம்.

என்னைப் போன்றவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வானொலிச் சம்பளம் ஒரு பக்கம். வார இறுதியில் திருமண விருந்திலும் நிறுவன விழாவிலும் அறிவிப்பாளர் வேலை இன்னொரு பக்கம். மேடைக்குக் கிடைக்கும் பணம் தொழில் வருமானம். ஆகவே, எனக்கு பி.இ. அல்ல, பி பாரம். பகுதி நேரமாக ஒப்பனை, புகைப்படம், டியூஷன், இணைய விற்பனை செய்யும் எல்லாருக்கும் இதே நிலைதான். ரசீதுகளை ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்பதும் சட்டம்.

நான்கு பேர், நான்கு வேலை

நம்மில் பலர் “நம்ம அக்கவுண்ட் ஆள்” என்று ஒருவரைச் சொல்வோம். அந்த ஆள் உண்மையில் யார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, கணக்கு எழுதுபவர். வரவு செலவைப் பதிவு செய்வார். அவருக்கு வரி உரிமம் இருக்க வேண்டும் என்பதில்லை.

இரண்டாவது, நிறுவனச் செயலாளர். எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்துக்கான ஆவணங்களைப் பார்ப்பவர். “செக்ரட்டரிக்கு மாசா மாசம் பணம் கட்டுறேனே, வரியும் அவர் பார்த்துக்குவார்” என்று நினைப்பவர்கள் உண்டு. அது தனி வேலை, தனி ஒப்பந்தம்.

மூன்றாவது, வரி முகவர். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 153ஆம் பிரிவின்படி நிதியமைச்சின் அங்கீகாரம் பெற்றவர். உங்கள் சார்பில் பாரம் தாக்கல் செய்வது, வாரியத்தோடு கடிதப் போக்குவரத்து நடத்துவது, தணிக்கையின் போது உடன் இருப்பது இவர் வேலை. பெரும்பாலான குடும்பங்களுக்கும் சிறு தொழிலுக்கும் இவரே போதும்.

நான்காவது, வரி வழக்கறிஞர். மலேசியாவில் ‘வரி வழக்கறிஞர்’ என்று தனி உரிமம் கிடையாது. 1976ஆம் ஆண்டு சட்டத்தொழில் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற வழக்கறிஞர்களில் வரி வழக்குகளையே முக்கியமாக நடத்துபவர்களை அப்படி அழைக்கிறோம். வீடு வாங்கும்போது கையெழுத்து வாங்கிய அதே லாயர் வரி வழக்கும் நடத்துவார் என்று எண்ண வேண்டாம். கண் மருத்துவரும் எலும்பு மருத்துவரும் இருவருமே டாக்டர்கள்தான், ஆனால் முறிந்த காலோடு நாம் கண் மருத்துவரிடம் போவதில்லையே!

வழக்கறிஞர் எப்போது தேவை?

பாரம் நிரப்ப வழக்கறிஞர் வேண்டாம். சட்டம் என்ன சொல்கிறது என்பதில் வாரியத்துக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு வரும்போதுதான் அவர் தேவை.

ஓர் உதாரணம். ஒருவர் பத்து ஆண்டுகளாக வைத்திருந்த வீட்டை விற்கிறார். ஆறாம் ஆண்டிலிருந்து விற்றால் குடிமக்களுக்கு நில ஆதாய வரி பூஜ்யம். ஆனால் அவர் அடிக்கடி வீடு வாங்கி விற்பவராக இருந்தால், “இது உங்கள் வியாபாரம், லாபத்துக்கு வருமான வரி கட்டுங்கள்” என்று வாரியம் சொல்லலாம். தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம் 30 விழுக்காடு. பூஜ்யமா, முப்பதா என்பதை முடிவு செய்வது சட்ட வாதம். எத்தனை நாள் வைத்திருந்தார், எதற்காக வாங்கினார், கடன் எப்படி எடுத்தார், எத்தனை முறை இப்படிச் செய்தார் என்று நீதிமன்றங்கள் பார்த்து வந்த அளவுகோல்கள் இருக்கின்றன. இஸ்கந்தர் வட்டாரத்தில் வீடு வாங்கி விற்றவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இன்னும் பெரிய அளவில், சட்டமே செல்லுமா என்று கேட்கவும் வழக்கறிஞர் வேண்டும். வியாபாரச் சரக்காக வைத்திருந்த நிலத்தை அரசு கட்டாயமாகக் கையகப்படுத்தியபோது கிடைத்த இழப்பீட்டுக்கு வருமான வரி விதிக்க 4சி என்ற பிரிவு இருந்தது. விரமுடா என்ற நிறுவனம் அதை எதிர்த்துக் கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. சொத்து பறிக்கப்பட்டால் போதிய இழப்பீடு தர வேண்டும் என்னும் கூட்டரசு அரசியலமைப்பின் 13(2) பிரிவுக்கு 4சி முரணானது என்று 2022இல் தீர்ப்பு வந்தது.

மூன்றாவது சூழல்தான் மிக அவசரமானது: புலனாய்வு. தணிக்கை என்பது கணக்கைச் சரிபார்ப்பது. புலனாய்வு என்பது வரி ஏய்ப்பு நடந்ததா என்று பார்ப்பது. வேண்டுமென்றே வரி ஏய்த்தது நிரூபிக்கப்பட்டால் 114ஆம் பிரிவின்படி 1,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு குறைவாகக் கட்டிய வரியைப் போல மூன்று மடங்குத் தண்டத் தொகை. அதிகாரிகள் வாக்குமூலம் பதிவு செய்ய அழைத்தால், போவதற்கு முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள்.

இங்கே ஒரு முக்கிய வேறுபாடு. வழக்கறிஞரிடம் சட்ட ஆலோசனைக்காக நீங்கள் சொல்வதை, உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் வெளியிட முடியாது. 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு அதைக் காக்கிறது. கணக்காளரிடம் சொல்வதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதற்காக, ரசீதையும் வங்கி அறிக்கையையும் லாயர் அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தால் மறைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். குற்றம் செய்வதற்காகக் கேட்கும் ஆலோசனைக்கும் பாதுகாப்பு கிடையாது.

மாமாவின் முப்பது நாள்

என் தாய்மாமா பாசிர் கூடாங்கில் இரண்டு லாரி வைத்துத் தொழில் செய்கிறார். தனியுரிமைத் தொழில். வாரியம் தணிக்கைக்கு அழைத்தது, வங்கி அறிக்கையைக் கேட்டது. லாரிக்கும் வீட்டுக்கும் ஒரே வங்கிக் கணக்கு. அதில் வந்த பணத்துக்கும் பாரத்தில் காட்டிய வருமானத்துக்கும் பெரிய இடைவெளி. விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்கு அவர் பதில் போடவில்லை. சில மாதங்களில் தண்டத் தொகையோடு சேர்த்து 63,000 வெள்ளிக்குக் கூடுதல் வரி மதிப்பீட்டு அறிவிக்கை வந்தது.

மாமா அதைச் சாமி மேடைக்குக் கீழே உள்ள இழுப்பறையில் வைத்தார். பத்து வருடமாக அவருக்குப் பாரம் நிரப்பித் தந்தவரிடம் போனில் கேட்டார். “ஒண்ணும் ஆகாது, அப்படியே விடுங்கண்ணே, அவங்களே மறந்துடுவாங்க” என்றாராம். பிறகு தேடிப் பார்த்தபோது, அந்த நபர் உரிமம் பெற்ற வரி முகவரே இல்லை.

அத்தை எனக்குப் போன் செய்தபோது அறிவிக்கை கிடைத்துப் பதினாறு நாள் ஓடிவிட்டது. மேல்முறையீட்டுக்குச் சட்டம் தருவது 30 நாள்தான். அதற்குள் கியூ பாரம் போய்ச் சேர வேண்டும். தவறினால் என் பாரத்தில் தகுந்த காரணம் காட்டி அவகாசம் கேட்கலாம், ஆனால் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

ஜொகூர் பாருவில் வரி வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரிடம் மாமாவை அழைத்துப் போனேன். ஒரு மணி நேர ஆலோசனைக்குக் கட்டணம். அவர் எல்லாக் கடிதத்தையும் படித்துவிட்டுக் கேட்டார்: “ஐயா, இந்தப் பணம் எல்லாம் எங்கிருந்து வந்தது? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.”

மாமா சொல்லச் சொல்ல, அவரே ஒரு தாளில் எழுதினார். மகள் திருமணத்துக்கு உறவினர்கள் கொடுத்த கடன். இ.பி.எஃப். சேமிப்பிலிருந்து எடுத்தது. லாரி விபத்துக்கு வந்த காப்புறுதிப் பணம். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றிய சொந்தப் பணம். கடைசியில் மாமா குரலைத் தாழ்த்தி, “கொஞ்சம் ரொக்க ஓட்டமும் இருக்கு சார், அதைக் கணக்குல காட்டல” என்றார்.

வழக்கறிஞர் பேனாவை வைத்தார். “இது சட்டப் பிரச்சினை இல்லை ஐயா, ஆதாரப் பிரச்சினை. இதற்கு இப்போது நான் தேவையில்லை. நல்ல வரி முகவர் ஒருவரைப் பிடியுங்கள். முப்பது நாளுக்குள் கியூ பாரம் போகட்டும். கடனுக்கும் காப்புறுதிக்கும் ஆவணம் திரட்டுங்கள். காட்டாத ரொக்கத்தை மறைக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். சிறப்பு ஆணையர்கள் முன்னால் போக வேண்டி வந்தால் அப்போது வாருங்கள்.”

உரிமம் பெற்ற ஒரு வரி முகவர் இருபத்து நான்காம் நாளில் கியூ பாரத்தைச் சேர்த்தார். மேல்முறையீடு செய்தாலும் வரியைக் கட்ட வேண்டிய கடமை நிற்பதில்லை என்பதைச் சொல்லி, தவணைக்கும் அவரே விண்ணப்பித்தார். வாரியம் மறுஆய்வு செய்தது. ஆவணம் இருந்த தொகையெல்லாம் வருமானத்திலிருந்து நீக்கப்பட்டது. ரொக்க ஓட்டத்துக்கு வரியும் தண்டமும் மாமா கட்டினார். மொத்தம் 19,000 வெள்ளிக்குச் சற்று மேல். இப்போது லாரிக்குத் தனி வங்கிக் கணக்கு இருக்கிறது.

மறுஆய்வில் முடியாமல் போயிருந்தால் வழக்கு வருமான வரிச் சிறப்பு ஆணையர்களிடம் போயிருக்கும். அங்கே வரி முகவரோ வழக்கறிஞரோ இருவருமோ உங்களுக்காக வாதாடலாம். அதற்கு மேல் உயர் நீதிமன்றம் என்றால் வழக்கறிஞர்தான்.

கோஸ்வேயில் நிற்கும் ஆபத்து

வரி பாக்கி இருந்தால் நாட்டை விட்டு வெளியேறுவதைத் தடுக்கும்படி குடிநுழைவுத் துறையிடம் கேட்க வருமான வரித் தலைமை இயக்குநருக்கு 104ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. கோலாலம்பூர்க்காரருக்கு அது ஒரு விடுமுறைப் பயணம் கெடுவது. தினமும் சிங்கப்பூருக்குப் போய்வரும் ஜொகூர்க்காரருக்கு அது வேலையே போவது. பயணத் தடை இருக்கிறதா என்பதைக் குடிநுழைவுத் துறையின் இணையப் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே பார்க்கலாம்.

“கம்பெனி பெயரில்தானே பாக்கி, எனக்கென்ன?” என்றும் இருந்துவிட முடியாது. 75ஏ பிரிவின்படி, நிறுவனத்தின் சாதாரணப் பங்குகளில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ வைத்திருந்து நிர்வாகத்திலும் இருக்கும் இயக்குநர், நிறுவனத்தின் வரி பாக்கிக்குச் சொந்தமாகவும் பொறுப்பாவார். நண்பருக்காகப் பெயரளவில் இயக்குநராகக் கையெழுத்துப் போடும் முன் இதை யோசியுங்கள்.

சிங்கப்பூர்ச் சம்பளம் பற்றி இளைஞர்கள் நிறையக் கேட்கிறார்கள். அங்கே போய் வேலை செய்து, அங்கே வரிக்கு உட்பட்ட சம்பளத்தை இங்கே கொண்டுவந்தால், வெளிநாட்டு வருமானத்துக்கான விலக்கு தனிநபர்களுக்கு நிபந்தனைகளுடன் 2036ஆம் ஆண்டு இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால், சிங்கப்பூர் நிறுவனத்துக்காக வாரத்தில் இரண்டு நாள் ஜொகூர் வீட்டிலிருந்தே வேலை செய்தால்? வேலை எந்த மண்ணில் செய்யப்படுகிறது என்பதைத்தான் 13(2) பிரிவு பார்க்கிறது. அந்த நாட்களுக்குரிய சம்பளம் மலேசிய வருமானமாகக் கருதப்படும். முதலாளி எந்த நாட்டில் இருக்கிறார், பணம் எந்த வங்கியில் விழுகிறது என்பதால் அது மாறாது. இப்படி வேலை செய்பவர்கள் ஒரு முறையாவது வரி முகவரிடம் தங்கள் வேலை ஒப்பந்தத்தைக் காட்டுவது நல்லது.

ஜொகூர் – சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல உடன்பாடு 2025 ஜனவரியில் கையெழுத்தானது. தகுதி பெறும் அறிவுசார் பணியாளர்களுக்குப் பத்து ஆண்டுகளுக்கு 15 விழுக்காடு மட்டும் வரி என்பது அதன் சலுகைகளில் ஒன்று. ‘தகுதி பெறும்’ என்ற சொல்தான் முக்கியம். மண்டலத்துக்குள் வேலை கிடைத்துவிட்டாலே சலுகையும் கிடைத்துவிடாது.

தேர்ந்தெடுக்கும் முன் கேளுங்கள்

வரி முகவரின் பெயர் அங்கீகரிக்கப்பட்டோர் பட்டியலில் இருக்கிறதா என்று வருமான வரி வாரியத்தின் இணையப் பக்கத்தில் தேடுங்கள். வழக்கறிஞர் என்றால் மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் பட்டியலில் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், நேர்மையானவர்கள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பிறகு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

என்னைப் போன்ற தொழிலுக்கு இதற்கு முன் வேலை செய்திருக்கிறீர்களா? தணிக்கை வந்தால் உடன் வருவீர்களா, அதற்குத் தனிக் கட்டணமா? கட்டணம் மணிக் கணக்கா, மொத்தமா? சேவை வரி 8 விழுக்காடு அதில் அடங்குமா? என் கோப்பை நீங்களே பார்ப்பீர்களா, உதவியாளரா? தாக்கல் செய்யும் முன் பாரத்தை எனக்குக் காட்டுவீர்களா?

பதில்களை எழுத்தில் வாங்குங்கள். தொழில் நடத்துபவர்கள், நிறுவனச் செயலாளர் கட்டணமும் வரித் தாக்கல் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு 15,000 வெள்ளி வரை செலவாகக் கழிக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சில அறிகுறிகளைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். “ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், அதில் இத்தனை விழுக்காடு எனக்கு” என்பவர். “ஜெயித்தால் மட்டும் பணம் கொடுங்கள்” என்று சொல்லும் வழக்கறிஞர். அப்படி ஒப்பந்தம் போட சட்டத்தொழில் சட்டம் அனுமதிப்பதில்லை. உங்கள் மைடாக்ஸ் கடவுச்சொல்லைக் கேட்பவர். உரிமம் பெற்ற முகவர்களுக்குத் தாக்கல் செய்யத் தனி வழி இருக்கிறது. வரிப் பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் போடச் சொல்பவர். வெற்றுப் பாரத்தில் கையெழுத்துக் கேட்பவர்.

யாரை அமர்த்தினாலும் பாரத்தில் இருப்பது உங்கள் பெயர். “ஏஜண்ட்தான் செய்தார்” என்பதால் வரி குறைந்துவிடாது. அதனால் தாக்கலுக்கு முன் ஒரு முறை நீங்களே படித்துப் பாருங்கள். புரியாத வரியை விளக்கச் சொல்லுங்கள்.

சரி, இப்போதே ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்தால்? தண்டம் தள்ளுபடியுடன் கூடிய சிறப்புச் சுயஅறிவிப்புத் திட்டம் 2024 மே 31ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனாலும் தணிக்கைக்கு முன் தாமாக வந்து சொல்பவர்களுக்குத் தண்டம் குறைவு என்பது இன்றும் நடைமுறை. கணக்கை மறுபடி திறக்க வாரியத்துக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு வரம்பு. மோசடி, வேண்டுமென்றே செய்த தவறு, அலட்சியம் என்றால் அந்த வரம்பும் கிடையாது.

வாரியத்திலிருந்து கடிதம் வந்தால், அது கையில் கிடைத்த தேதியை உறையின் மேலேயே எழுதுங்கள். உறையை வீசாதீர்கள். நாள்காட்டியில் அன்றிலிருந்து முப்பதாம் நாளை வட்டமிடுங்கள். அந்த வாரத்துக்குள் யாரையாவது பார்த்துவிடுங்கள். முதலில் வரி முகவர் போதும். லாயர் தேவையா என்பதை நல்ல முகவரே சொல்லிவிடுவார்.